ஆறாவது இடம்

நாலரை மணிக்கு கோட்டை ரயில் நிலைய வாசலில்
மஞ்சள் குடையோடு நிற்பது நான்.
ஐந்து இடம், மூன்று மணி நேரம்,
தண்ணீர்ப் போத்தல் இலவசம்.
"காரம் குறைத்து" என்பதை
ஏழு மொழியில் கேட்டுப் பழகிய காது.

முதலாவது, செட்டியார் தெருவில் உழுந்து வடை.
தங்கம் விற்கிற தெருவில் வடையின் நிறத்தை வைத்து
ஒரு பகிடி இருக்கிறது என்னிடம்,
முந்நூறாவது தடவையும் சிரிப்பார்கள்.
இரண்டாவது, மாங்காய் அச்சாறு.
படம் எடுப்பார்கள். தின்னமாட்டார்கள்.
மூன்றாவது, கொம்பனித்தெருவில் நளீமின் கொத்து.
தகட்டில் அவனுடைய இரும்பு பேசத் தொடங்கினால்
நான் வாயை மூடலாம்.
அந்த நாலு நிமிசம்தான் என் ஓய்வு.
நான்காவது, காலிமுகத்திடலில் இறால் வடை.
தலையோடு மீசையோடு கடியுங்கள் என்பேன்.
எப்போதும் யாரோ ஒருவர்
இறாலை உரித்தெடுத்துவிட்டு
வடையைக் காகத்துக்குப் போடுவார்.
ஐந்தாவது வட்டிலப்பம்.
கைதட்டல்.

செவ்வாய்க்கிழமை வந்த ஒருத்தி கைதட்டவில்லை.
எவ்தோகியா. கிரேக்கத்தில் ஏதோ ஒரு தீவு,
அதன் பெயர் கடைசிவரை என் நாக்குக்குப் பிடிபடவில்லை.
கரையில் எட்டு மேசை போட்டு
கோடை முழுக்க வெள்ளைக்காரருக்கு மீன் பொரிக்கிறாளாம்.
அவளும் வெள்ளைதான்.
ஆனாலும் சொன்ன விதம் அப்படித்தான் கேட்டது எனக்கு.

மற்றவர்கள் ஓட்டோ ஏறிப் போனபின் கேட்டாள்:
"நீ ஒரு இடத்திலும் சாப்பிடவில்லை.
எங்கே சாப்பிடுவாய்?"
வீட்டில், என்றேன்.
"பொய்," என்றாள்.
"எங்களிடமும் படம் போட்ட மெனு ஒன்று இருக்கிறது.
பின்கதவுக்குப் பக்கத்தில்
ஒரு சட்டியும் இருக்கிறது."

ஐந்துலாம்புச் சந்தி தாண்டி, கொட்டாஞ்சேனை.
கடைக்குப் பெயர் இல்லை.
பலகையில் 'ரீலோட்' என்று மட்டும் இருக்கும்.
கதவை அரைவாசி இறக்கிவிட்டு
மிஸ்வர் எனக்காக எடுத்துவைக்கிற கடைசிப் பார்சல்,
அன்றைக்கு இரண்டாகப் பிரிந்தது.
சிவப்பரிசிச் சோறு, ஆறிப்போனது.
பருப்பு, ஆணம் வற்றிய சூரை மீன் வால் துண்டு,
பப்படத்தின் உடைசல்,
தேசிக்காய் பிழிந்த வல்லாரைச் சம்பல்.

கை கழுவினாள். கையால் தின்றாள்.
விரல் சரியாக வரவில்லை, கவலைப்படவும் இல்லை.
காரத்தில் மூக்கு ஒழுக
சட்டைக் கையால் துடைத்தாள்.
வல்லாரையில் மட்டும் நின்றாள்.
மறுபடி எடுத்தாள், மணந்து பார்த்தாள்.
மலையில் அவர்கள் பிடுங்குகிற ஏதோ ஒரு கீரை,
அதற்கும் புளி இதுதானாம், இதே அளவாம்,
நடுச்சாமத்தில் மேசையெல்லாம் கவிழ்த்தபின்
நின்றபடி தின்பார்களாம்.
இருந்து தின்றால் எழும்ப முடியாது,
என்று முழங்காலைத் தட்டிக் காட்டினாள்.

எனக்கும் அதே முழங்கால்.
சொல்லவில்லை.

முடிந்ததும் எழும்பினாள்.
லஞ்ச் ஷீட் இரண்டையும் மடித்தாள்,
எலும்பை ஓரமாக ஒதுக்கினாள்,
அங்கே கிடந்த ஈரத்துணியை எடுத்து
மேசையைத் துடைக்கத் தொடங்கினாள்.
எங்கள் மேசையை மட்டுமில்லை. பக்கத்து மேசையையும்.
"நோனா, விடுங்கோ," என்று மிஸ்வர் பதறி ஓடிவர,
அவள் தன் மொழியில் ஏதோ சொன்னாள்.
அகராதி வேண்டியிருக்கவில்லை.
கை சும்மா கிடக்காது என்பதை
எந்த ஊரிலும் அந்தத் தொனியில்தான் சொல்வார்கள்.

காசு வாங்க மிஸ்வர் மறுத்தான்.
எனக்கு அவன் ஒருநாளும் மறுத்ததில்லை,
அதை நான் குறித்துவைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் நாலரை மணி, ஆறு பேர், மஞ்சள் குடை.
வட்டிலப்பம் முடிய ஒரு பொடியன் கேட்டான்:
"உள்ளூர் ஆட்கள் போகிற இடம் ஏதும் இருக்கிறதா?
இணையத்தில் இல்லாதது?"
இல்லை, என்றேன்.
மீதியிருந்த தண்ணீர்ப் போத்தலை அவனிடம் கொடுத்தேன்.
எட்டரை. பசி.
மிஸ்வர் கதவை இறக்கத் தொடங்கியிருப்பான்.